க்ரஸ்கல்-வாலிஸ் முடித்த பிறகு எந்தச் சோதனை?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் புள்ளியியலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கடலூர் உப்பனாற்றில் சிப்காட் ஓரம், பச்சையாங்குப்பம், முதுநகர், சிங்காரத்தோப்பு என நான்கு இடங்களில் ஜனவரி கடைசியில் சேறு எடுத்து, அதிலுள்ள புழுக்களை எண்ணினேன். இடத்துக்கு 5 மாதிரி. முதுநகர் பாட்டில் ஒன்று பைக்கில் வரும்போதே உடைந்துவிட்டது, அங்கே மட்டும் 4. மொத்தம் 19 எண்கள், அதிலும் சில பூஜ்யம்.

ஆர் மென்பொருளில் க்ரஸ்கல்-வாலிஸ் (பல குழுக்களுக்குள் வித்தியாசம் இருக்கிறதா என்று தர வரிசையை வைத்துப் பார்க்கும் சோதனை) போட்டேன். பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தது, அதாவது எங்கோ வித்தியாசம் இருக்கிறது. சரி, எந்தெந்த இடங்களுக்கு நடுவே வித்தியாசம்? அங்கேதான் சிக்கல்.

சீனியர் அண்ணன் சொன்னபடி இரண்டிரண்டாக மேன்-விட்னி (இரண்டு குழுக்களை மட்டும் ஒப்பிடும் சோதனை) போட்டு, 6 ஜோடிக்கும் பான்ஃபெரோனி திருத்தம் (0.05ஐ ஜோடி எண்ணிக்கையால் வகுப்பது) கொடுத்தேன். எல்லை 0.0083 ஆகிவிடுகிறது. கையால் கணக்குப் போட்டால், 5க்கு 5 என்னும்போது இருபக்கச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி 2/252, அதாவது 0.0079. நூலிழையில் தப்பும். 5க்கு 4 என்றால் 2/126, அதாவது 0.0159. முதுநகர் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் தேறவே தேறாது! ஒரு பாட்டில் உடைந்ததற்கு இவ்வளவு தண்டனையா?

அப்புறம் க்ரஸ்கல்-வாலிஸுக்குப் பிறகு ஜோடிகளை ஒப்பிடும் டன் சோதனையை, பான்ஃபெரோனியைவிடக் கொஞ்சம் தளர்வான ஹோம் திருத்தத்தோடு போட்டேன், ஒரு ஜோடி தேறியது. அதே வேலைக்கான இன்னொரு சோதனையான கோனோவர்-இமானில் மூன்று. பிடித்த விடையைப் பொறுக்குவதுபோல் ஆகிவிடும் என்று அதைத் தொடத் தயக்கம். மறுபடி சேறு எடுக்க வழியில்லை, அடுத்த மாதம் வைவா.

இவ்வளவு சிறிய, சமமில்லாத குழுக்களுக்கு டன்-ஹோம் முடிவோடு நிற்கலாமா, இல்லை பெர்முடேஷன் முறைக்குத்தான் (எண்களைக் குழுக்களுக்குள் மாற்றி மாற்றிக் கலைத்துப் பி மதிப்பு காண்பது) போக வேண்டுமா?