பாபா யாகா ஒரு தாத்தா

சோவியத் நடிகர் கியோர்கி மில்யாரை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

1986 கடைசி. மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, ரஷ்யன் பாதி புரியும், பாதி புரியாது. புது வருஷ விடுமுறையில் விடுதிப் பொது அறை டிவியில் ‘மரோஸ்கோ’ ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் அலெக்சாந்தர் ரோவ் எடுத்த படம். கோழிக்கால் மேல் நிற்கும் குடிசையை, என் பக்கம் திரும்பு என்கிறான் இவான். உள்ளே இருக்கும் சூனியக்கிழவி பாபா யாகா, காட்டுப் பக்கம் திரும்பு என்கிறாள். குடிசை இப்படியும் அப்படியும் சுற்றுகிறது. கிழவிக்குக் கூன் முதுகு, கொக்கி மூக்கு, குழாயடிச் சண்டைக்கு வந்தவள் மாதிரி வாய். ‘இந்த வயசில் இந்தப் பாட்டி என்ன ஆட்டம் ஆடுறாங்க!’ என்று எனக்குத் தெரிந்த ரஷ்யனில் சொன்னேன். அறையே சிரித்தது. வாசலில் சாவி கொடுக்கும் அம்மா (நாங்கள் பாபுஷ்கா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவோம்) கண்ணைத் துடைத்துக்கொண்டே, ‘பாட்டியா? அது நம்ம கியோர்கி ஃபிரான்ட்செவிச் மில்யார்!’ என்றார்.

அன்றிலிருந்து யாரிடம் பேச்செடுத்தாலும் மில்யாரைப் பற்றி ஒரு கதை கிடைத்தது. அப்பா பிரெஞ்சுக்காரர், பாலம் கட்ட ரஷ்யாவுக்கு வந்த இன்ஜினியர். இவர் பிறந்தது 1903 நவம்பர் 7. பின்னாளில் அதுவே புரட்சி தினமாகிவிட்டதால், தன் பிறந்தநாளை நாடே கொண்டாடுகிறது என்று கிண்டலடிப்பாராம். 1939-ல் ‘அழகி வசிலிசா’ எடுத்தபோது பாபா யாகா வேஷத்துக்கு ரோவ் நடிகைகளைத்தான் தேடியிருக்கிறார். எந்தப் பெண்ணும் இவ்வளவு அசிங்கமாகத் திரையில் வர மாட்டாள், நானே போடுகிறேன் என்றாராம் மில்யார். அந்தப் படத்தில் அவருக்கு மூன்று வேஷம்.

அப்புறம் சாகாவரம் பெற்ற அரக்கன் கஷ்சேய் வேஷம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படம், 1945-ல் வெளிவந்தது. மில்யாருக்கு மலேரியா, உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். எலும்புக்கூடு மாதிரியான அந்த அரக்கனுக்கு மேக்கப்காரர்கள் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. குதிரையே அவரைக் கண்டு மிரண்டது என்பார்கள். குதிரை மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எங்களோடு படித்த செக் பையன் ஒருவனுக்கு மில்யார் பெயரே தெரியாது, ஆனால் அந்தக் கிழவி அத்துபடி. அவர்கள் ஊரிலும் பண்டிகைக்கு ‘மரோஸ்கோ’வைத்தான் டிவியில் போடுவார்களாம்.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். பழைய ரஷ்யத் தளபதி சுவோரவாக நடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிடைத்ததோ பேய், பிசாசு, கிழ ராஜா. சிறுவர் படம் என்றால் அங்கேயும் கொஞ்சம் இளக்காரம்தான் போல. ருஷ்யக் குடியரசின் ‘மக்கள் கலைஞர்’ பட்டம் 1988-ல்தான் கொடுத்தார்கள். செய்தியைக் கேட்ட பாபுஷ்கா சந்தோஷப்படவில்லை, ‘இப்பவாவது!’ என்று முணுமுணுத்தார். 1993-ல் மில்யார் இறந்தபோது நான் ஊருக்கே திரும்பிவிட்டிருந்தேன்.

பாபுஷ்காவுக்கு மிகப் பிடித்தது அவருடைய கல்யாணக் கதை. அறுபதைத் தாண்டிய மில்யார் பக்கத்து அறைப் பெண்மணியிடம், நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டாராம். இந்த வயசில் எனக்கு ஆம்பளை எதற்கு என்றாராம் அந்த அம்மா. ‘நான் ஆம்பளை இல்லையே, பாபா யாகா!’

ஒருநாள் ராத்திரி வெளியே போய்விட்டு நேரங்கழித்துத் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முக்காடு போட்டுக் கூனிக்கொண்டு ஓர் உருவம், மூக்கை உறிஞ்சியபடி: ‘ஃபூ, ஃபூ... இந்திய வாடை அடிக்குதே!’

மதியம் ரசம் வைத்திருந்தேன்.