இலக்கு எடையைத் தக்கவைப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எடை குறைப்பு முடிந்தாச்சு. பராமரிப்புக்காக வாரத்துக்கு வாரம் தினசரி அளவில் 100 கலோரி கூட்டும்போது, தராசு திடீரென ஒரு கிலோ ஏறுகிறது. கொழுப்பு இல்லை, ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். மாவுச்சத்து கூடினால் உடலில் கிளைகோஜன் (தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் சர்க்கரை) நிரம்பும், அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பு கூடினாலும் நீர் தேங்கும். இவ்வளவு தெரிந்தும், எண்ணைப் பார்த்ததும் பயந்து சாப்பாட்டை வெட்டத் தோன்றுகிறதே, அதுதான் எரிச்சல்! (வெட்டினால் இரண்டே நாளில் அகோரப் பசி.)

காலையில் கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடுக்கும் எடையின் 7 நாள் சராசரிதான் இப்போதைய கணக்கு. இலக்கு எடையிலிருந்து எவ்வளவு ஏறலாம் என்று நீங்கள் வரம்பு வைக்கிறீர்கள், ஒரு கிலோவா, இரண்டா? சராசரி எத்தனை வாரம் தொடர்ந்து ஏறினால் உணவில் கை வைப்பீர்கள்? இடுப்பளவும் எடுப்பதுண்டா?