பினாங்கு ராத்திரிக் கடைகளில் சட்டியைப் பிடிப்பது யார்?

கூடுவாஞ்சேரி ரயில்

போன மாதம் ஐந்து ராத்திரி மலேசியாவில் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் தங்கினேன். வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் அறையில் கிடப்பது, ஆறு மணிக்கு மேல் வெளியே வந்து நடுநிசிவரை தின்பது, இதுதான் திட்டம். சூலியா தெருவில் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் நேரம் அது. மறுநாள் மெக்காலிஸ்டர் சாலையை ஒட்டிய லோரோங் பாரு. ஊர்க்காரர்கள் இன்னும் நியூ லேன் என்றுதான் சொல்கிறார்கள். கர்னி டிரைவுக்கும் போனேன், கடல்காற்றும் கூட்டமும்தான் நினைவிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) சார் குவே தியாவ், அதாவது வறுத்த அரிசி நூடுல்ஸ், சொன்னேன். சட்டியில் நின்றவன் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன். பேச்சுக் கொடுத்தேன், மியன்மார் என்றான். முதலாளி ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்து நாளில் நான் சாப்பிட்டதிலேயே அந்தத் தட்டுதான் முதலிடம்.

ராத்திரி விடுதிக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்கிறார். "அந்தப் பையன் சமைக்கவே கூடாதே!" 2016 சனவரி 1 முதல் பினாங்கு மாநிலத்தில் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளி முதன்மைச் சமையல்காரராக நிற்கக் கூடாதாம். பாத்திரம் கழுவலாம், காய் வெட்டலாம், தட்டைக் கொண்டு வந்து வைக்கலாம். கரண்டியைத் தொடக் கூடாது.

எனக்கு இது அபத்தமாகப் படுகிறது. ருசிக்குப் பாஸ்போர்ட் உண்டா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி

"ருசிக்குப் பாஸ்போர்ட் உண்டா" டி-சர்ட்டில் அச்சடிக்க நன்றாக இருக்கும் தம்பி. நான் பினாங்கிலேயே பிறந்தவன். அந்த விதியை ஆதரிக்கிறவன்.

நீங்கள் சாப்பிட்டது நல்ல தட்டு என்கிறீர்கள், சரி. உங்களுக்கு அதை ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருந்தது? சார் குவே தியாவ் பார்க்க எளிது. பட்டை அரிசி நூடுல்ஸ், இறால், கெராங் சிப்பி, தவ்கே (முளைகட்டிய பயறு), குச்சாய் (பூண்டு வாசனைக் கீரை), ஒரு முட்டை. ஆனால் சட்டி எவ்வளவு காய்ந்ததும் நூடுல்ஸைப் போடுவது, சோயா எந்த நொடியில் இறங்க வேண்டும், சிப்பி வெந்தும் வேகாமலும் எப்போது நிறுத்துவது, இதெல்லாம் எழுதி வைக்கிற சங்கதி இல்லை. கைப்பழக்கம். பழைய ஆட்கள் ஒரு நேரத்துக்கு ஒரு தட்டுதான் போடுவார்கள். வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு தட்டு. கூலிக்கு நிற்கிறவனிடம் முதலாளி என்ன சொல்வார்? "நாலு தட்டு சேர்த்துப் போடு." சட்டி குளிர்ந்துவிடும், தவ்கே தண்ணீர் விடும், அப்புறம் அது வறுவல் இல்லை, அவியல்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், கடையை நடத்துவது வேறொருவர். லைசென்ஸ்காரர் வீட்டில் படுத்துக்கொண்டு வாடகை வாங்குவார். இதற்கு மலேசியாவில் 'அலி பாபா' என்று பெயரே உண்டு. உள்ளூர் ஆள்தான் சமைக்க வேண்டும் என்றால் அந்த ஆட்டம் கொஞ்சமாவது அடங்கும்.

கடையநல்லூர்ப் பேரன்

ஆயர் ஈத்தாம் அண்ணே, சலாம். நீங்கள் சொல்கிற விதி தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் இருந்திருந்தால் நாசி கண்டார் என்ற ஒன்றே கிடையாது.

தெரியாதவர்களுக்காக: மலாயில் 'நாசி' சோறு. 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கிற தண்டு, நம் காவடி மாதிரி. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்பு. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப்போன நம் முஸ்லிம் ஆட்கள் அதைச் சுமந்துகொண்டு துறைமுகக் கூலிகளுக்குச் சோறு விற்றார்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். அன்றைக்கு அவரிடம் என்ன ஆவணம் இருந்திருக்கும்?

இன்றைக்கு அது பினாங்கின் அடையாளம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் 'பெராத்தூர்' என்று ஒரு கடை, 1943இலிருந்து நடக்கிறது. திறக்கும்வரை சனம் காத்து நிற்கும். பெராத்தூர் என்றாலே வரிசையில் நில் என்றுதான் அர்த்தம்! 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும், அதாவது வெள்ளம். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறிக் குழம்பு எல்லாவற்றையும் சோறு மூழ்கும்படி ஊற்றுவார்கள். ஊரில் என் பாட்டி இதைப் பார்த்தால் அடிக்க வருவாள். ஆனால் அந்தக் கலவைதான் ருசி.

மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நூடுல்ஸ் சீனருடையது, மிளகாய் விழுதும் கைப்பக்குவமும் தமிழ் முஸ்லிமுடையது. வெளிநாட்டு நூடுல்ஸை வெளிநாட்டுக் கை வறுத்தது. அதைத்தான் இப்போது 'நம் பாரம்பரியம்' என்று காப்பாற்றுகிறீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி

பாய், வாதம் அழகுதான். ஒரு இடத்தில் சறுக்குகிறது. உங்கள் பெரிய தாத்தா சுமந்தது தன் சொந்தப் பானை. சமைத்தவரும் அவர், விற்றவரும் அவர், சோறு குழைந்தால் ஏச்சு வாங்கியவரும் அவர். அவர் சீனக் கடையில் மாதச் சம்பளத்துக்கு நின்று முதலாளி பெயரில் குவே தியாவ் வறுக்கவில்லை. நான் எதிர்ப்பது வெளிநாட்டுக்காரனை இல்லை, ஆள் இல்லாத கடையை.

கடையநல்லூர்ப் பேரன்

அப்படியென்றால் விதியை அப்படி எழுதியிருக்கலாமே? 'லைசென்ஸ்காரர் கடையில் இருக்க வேண்டும், அவரே சமைக்க வேண்டும்' என்று. இப்போதுள்ள விதி முதலாளி எங்கே என்று கேட்பதற்கு முன்னால் சமைக்கிறவன் எந்த நாடு என்று கேட்கிறது. ரயில் சொன்ன கடையில் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதுவும் குற்றம்தானே உங்கள் கணக்கில்?

சாம்பார் சாதம் 2.0

சண்டை நடுவே ஒரு சின்னக் கேள்வி. டிசம்பரில் அம்மாவோடு பினாங்கு போகிறேன். சுத்த சைவம். ராத்திரிக் கடைகளில் ஏதாவது கிடைக்குமா, இல்லை ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

தேக்கா அக்கா

புளிக்காய்ச்சல் கட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். பசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், புத்து மாயம் என்று விற்பார்கள். பயப்படாதீர்கள், நம் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். அப்போம் நம் ஆப்பம், முட்டை போட்டதா என்று மட்டும் கேளுங்கள். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் குளிர்பானம் குடிக்கலாம். ஏமாற்றுவது வேறு சில: அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் புளி இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அந்தக் குழம்பே மீனை வேக வைத்து உதிர்த்தது. பழ ரோஜாக் வெறும் பழம் மாதிரி இருக்கும், மேலே ஊற்றும் கறுப்புச் சாறில் இறால் விழுது. சார் குவே தியாவில் இறாலை எடுத்துவிடச் சொன்னாலும் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். முஸ்லிம் நண்பர்களும் கவனிக்க வேண்டியது இது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். தம்பிகளா, நீங்கள் இரண்டு பேரும் எங்கள் ஊரை ஒரு தடவை பாருங்கள். சிங்கப்பூரில் 1971 தொடங்கி 1986க்குள் தெருக்கடைகளை எல்லாம் உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, கூரை எல்லாம் வந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆளைப் பொறுத்தவரை நாங்கள் பினாங்கை விடக் கறார். கடைக்காரர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், உதவியாளுக்கும் அதே விதிதான் ரொம்ப நாள் இருந்தது. 2020இல் எங்கள் அங்காடிப் பண்பாட்டுக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடமும் கிடைத்தது.

ஆனால் கடைக்குள் எட்டிப் பார்த்தால் எல்லாம் என் வயது. அறுபதை ஒட்டியவர்கள். பிள்ளைகள் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிறார்கள். கடைசியில் 2025 சனவரி முதல் நீண்டகால வருகை அனுமதி உள்ளவர்களை உதவியாளாக வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்த வேண்டியிருந்தது. பெரும்பாலும் இங்கே கல்யாணம் கட்டி வந்தவர்கள். விதி போட்டு வேற்றாளைத் தடுக்கலாம், சொந்தப் பிள்ளையைச் சட்டிக்கு முன்னால் நிறுத்த முடியாது.

கோப்பிக் கடை மாமா

எல்லாரும் சமையல்காரனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவன், இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஏன் அக்கரைக்கு வந்தேன்? வாடகை.

பழைய நகரத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1997இல் அதை ரத்து செய்தார்கள், 2000 பிறந்ததும் பாதுகாப்பு போய்விட்டது. அதுவரை சொற்பக் காசுக்குக் குடியிருந்த தையல்காரர், செருப்புத் தைப்பவர், கோப்பி ஆத்துகிறவர், எல்லாரும் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபிடம் என்ற பெயர் கிடைத்தது, கடைவீடுகள் விடுதிகள் ஆயின. 2022 டிசம்பரில் நல்ல உணவகங்களைப் பட்டியலிடும் மிஷலின் கையேடும் வந்து சேர்ந்தது. சுவரில் அந்தச் சிவப்புத் தாளை ஒட்டிய கடைக்கு முன்னால் இப்போது செல்பி வரிசை. நான் சின்ன வயதில் எந்தச் சந்தில் சில்லறைக்குச் சாப்பிட்டேனோ அங்கே இப்போது எட்டு, பத்து வெள்ளி (ரிங்கிட்). தெருவில் குடியிருந்தவன் போன பிறகு தெருக்கடை யாருக்காக? ரயில் மாதிரி ஆட்களுக்காக. கோபிக்காதீர்கள் ரயில்.

ராத்திரிச் சந்தை என்றால் என்னைப் பொறுத்தவரை இன்னும் பசார் மாலாம்தான். இன்றைக்கு ஒரு பேட்டை, நாளைக்கு ஒரு பேட்டை என்று சுற்றி வரும். பக்கத்துக் குடியிருப்பு அம்மாக்கள் கீரை, கோழி, பிள்ளைக்குச் சட்டை, அப்படியே ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம் என்று வாங்கிப் போவார்கள். அங்கே யாரும் தட்டைப் படம் பிடிப்பதில்லை.

அப்புறம் இந்த விதி விவகாரம் பினாங்கோடு நிற்கவில்லை. 2018இல் நம் மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், அடுத்த சனவரியிலிருந்து நாடு முழுக்க உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்தான் என்றார். இந்திய உணவக முதலாளிகள் அலறினார்கள். தோசை மாஸ்டர் யார் என்று உங்களுக்கே தெரியும். அமைச்சர் பின்வாங்கினார்.

கூடுவாஞ்சேரி ரயில்

கோபமெல்லாம் இல்லை மாமா, செல்பி எடுத்தது உண்மை. அண்ணன் சொன்ன 'ஒரு தட்டு' விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையனும் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போட்டான். எனக்கு முன்னால் ஏழு பேர், நாற்பது நிமிடம் நின்றேன். நடுவில் ஒரு முறை பெரியவர் எழுந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்து என்னவோ சொன்னார், பையன் தீயைக் கூட்டினான். கூலிக்கு நிற்கிறவன் அவசரப்படுவான் என்றீர்கள். இங்கே அப்படி இல்லை.

கடையநல்லூர்ப் பேரன்

அதைத்தான் கேட்கிறேன் அண்ணே. அந்தப் பெரியவரின் பிள்ளைகள் கோலாலம்பூரிலோ மெல்பர்னிலோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையன் இன்னும் பத்து வருடம் நின்று பழகுகிறான். பெரியவருக்கு அப்புறம் அந்தச் சட்டி யாருக்கு?

ஆயர் ஈத்தாம் வாசி

நேற்றே பதில் எழுதி அழித்துவிட்டேன்.

என் தகப்பனார் கடைத்தெருவில் முப்பது வருடம் மீ விற்றார். எனக்குக் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டபோது நான் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். கடையை மூடினார். அன்றைக்கு ஒரு மியன்மார் பையன் வந்து நின்றிருந்தால் அவர் சேர்த்திருப்பாரா என்று கேட்டால், சேர்த்திருப்பார். மனுஷன் அப்படி.

ஆனாலும் விதியை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எடுத்தால் அந்தப் பெரியவர் மாதிரி பத்துப் பேர் பிழைப்பார்கள், லைசென்ஸை உள்வாடகைக்கு விடுகிறவன் நூறு பேர் கொழுப்பான். திருத்தச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன். முதலாளி கடையில் இருக்க வேண்டும் என்று பாய் சொன்னாரே, அப்படி.

ரயில், அந்தக் கடை எந்த வரிசையில் என்று தனி மடலில் சொல்லுங்கள். மாநகர மன்றத்துக்கு எழுத இல்லை. போய்ச் சாப்பிட.

சாம்பார் சாதம் 2.0

அக்கா, நன்றி. அந்த அப்போம் கடைகள் ராத்திரி எத்தனை மணிவரை இருக்கும்?