ஈறில் ரத்தம் வந்தபோது நான் செய்த தப்பு

பிடோக் அக்கா:

எனக்கு வயது 67. நாலு வருடத்துக்கு முன்னால் காலையில் பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் தெரிய ஆரம்பித்தது. வலி எதுவும் இல்லை. பிரஷ் குத்தியிருக்கும் என்று நினைத்து, ரத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் தேய்த்தேன். அதுதான் பெரிய தப்பு. அழுக்குத் தங்குவதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. அங்கேயே கை வைக்காமல் விட்டால் அழுக்கு இன்னும் சேரத்தானே செய்யும்?

கீழ்வரிசைக்கு உள்பக்கம் நாக்கை வைத்தால் சிப்பி ஒட்டியது போலச் சொரசொரவென்று இருக்கும். அது காரை. படிந்த அழுக்கு எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து இறுகிப்போனது. பிரஷுக்கு வராது. ஒருநாள் தேக்கா சந்தையில் வாங்கிய கொய்யாவைக் கடித்தேன், கீழே முன்பல் ஒன்று அசைந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

பக்கத்து புளோக்கின் கீழே இருக்கும் பல் மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்த்துத் தாதியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "த்ரீ, டூ, த்ரீ" என்று போய்க்கொண்டிருந்தது, கீழே முன்வரிசைக்கு வந்ததும் "ஃபைவ், சிக்ஸ், சிக்ஸ்" ஆனது. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. மூன்று வரை பயமில்லை. ஐந்து, ஆறு என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போலாகி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லை!

அடுத்த கேள்வி, "இனிப்பு நீர் இருக்கிறதா?" இருக்கிறது, 12 வருடமாக. சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறில் புண் இருந்தால் சர்க்கரையும் எளிதில் அடங்காது என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலிருந்த காரையை இரண்டு முறை வரச்சொல்லிச் சுரண்டி எடுத்தார். வீட்டில் கண்ணாடி பார்த்தால் பல்லுக்கு நடுவே சந்து. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். உண்மையில் அந்த இடைவெளியை அதுவரை காரை அடைத்திருந்தது, வீங்கிய ஈறும் வற்றிவிட்டது. கூச்சம் சில வாரத்தில் குறைந்தது. இப்போது தினமும் இரவில் அந்தச் சந்துகளில் குட்டி இடைப்பல் பிரஷ் விட்டு எடுக்கிறேன்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு: சாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் மருத்துவச் சலுகைத் திட்டத்தில் இருக்கும் பல் மருந்தகங்களில், மூத்தவர்களுக்குக் கொடுத்திருக்கும் மெர்டேக்கா தலைமுறை, முன்னோடித் தலைமுறை அட்டைகளுக்குச் சலுகை உண்டு. போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி:

அக்கா, என் அம்மாவுக்கு 78 வயது. ரத்த அழுத்தத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வாய் எப்போதும் வறண்டிருக்கும், அதற்காக நாள் முழுக்கப் பெப்பர்மிண்ட் மிட்டாய் சப்புவார். இந்த வருடம் பார்த்தால் ஈறு இறங்கிய நாலு பற்களில், வேர்ப்பக்கம் சொத்தை. வேரின் மேல் எனாமல் என்ற கெட்டியான மேலுறை கிடையாதாம், அதனால் சீக்கிரம் அரிக்கிறது. எச்சிலும் குறைவு, மிட்டாய்ச் சர்க்கரையைக் கழுவ ஆளில்லை. மிட்டாயை நிறுத்தி, அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், ஃபுளோரைடு அதிகமுள்ள பற்பசை என்று டாக்டர் மாற்றிவிட்டார். மேல்வரிசைக்குப் பல் செட். அதைப் போட்டுக்கொண்டேதான் தூங்குகிறார். பரவாயில்லையா?

செங்காங் தாதி:

தம்பி, இரவில் கண்டிப்பாகக் கழற்றச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது நிறையப் பேருக்குச் செட்டைக் கழற்றினால் மேலண்ணம் செக்கச்செவேல் என்று இருக்கும். பூஞ்சைத் தொற்று. அவர்களுக்கு வலியே தெரியாது. கழற்றிய செட்டை மென்மையான பிரஷும் சோப்பும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும்.

இன்னொன்று. எலும்பு மெலிந்து பலம் குறையும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரைப் பட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் போதும்.

பிடோக் அக்கா:

நன்றிம்மா, நான் மாத்திரைப் பையைக் கொண்டுபோனதே இல்லை, அடுத்த முறை எடுத்துப் போகிறேன். போன மாதம் மறுபடி அளந்தார்கள். ஆறாக இருந்த இடம் நாலு. அந்த முன்பல் லேசாக ஆடத்தான் செய்கிறது, ஆனால் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. கொய்யாவை இப்போது நறுக்கித் தின்கிறேன்.