சாஃப்ட்வேர் போட்டுப் பதினாலு மாசம், கட்டிங் இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது

பனியன்காரன்:
வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் பொறுப்பு. ஈஆர்பி, அதாவது கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பதிகிற சாஃப்ட்வேர், போட்டுப் பதினாலு மாசம் ஆகிறது. நூல் வாங்குவதில் ஆரம்பித்து நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் வரை எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன் உண்டு. டி.சி. (சரக்கோடு போகிற டெலிவரி சலான்), ஜிஎஸ்டி பில், இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான ஆன்லைன் சீட்டு) எல்லாம் அதிலிருந்துதான் போகிறது, அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனால் கட்டிங்கில் சூப்பர்வைசர் அக்கா இன்னமும் நாற்பது பக்க நோட்டில்தான் எழுதுகிறார், சாயங்காலம் அதைப் பார்த்து ஒரு பையன் சிஸ்டத்தில் ஏற்றுகிறான். முதலாளி நோட்டை நிறுத்து என்கிறார். போன வாரம் நானும் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. வேறு தொழிலில் இருப்பவர்கள் இந்த மாதிரி நிலைமையை எப்படிச் சமாளித்தீர்கள்?

பழைய லெட்ஜர்:
தம்பி, நான் வங்கியில் முப்பத்தி மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். 1993ல் யூனியன்களோடு கம்ப்யூட்டர் ஒப்பந்தம் போட்ட காலத்தில் கிளார்க். பேரேட்டில் கணக்கு ஏற்றுகிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்ததையும் பார்த்தேன், பிறகு எல்லாக் கிளைகளையும் ஒரே சிஸ்டத்தில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்ததையும் பார்த்தேன். கணக்கெல்லாம் பைசா பிசகாமல் சிஸ்டத்துக்குப் போனது. போகாதது என்ன தெரியுமா, பேரேட்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்த குறிப்புகள். ஒரு பென்ஷன்காரப் பெரியவரின் பக்கத்தில் "கை நடுக்கம், கையெழுத்து மாறும், நேரில் வந்தால் கொடுக்கலாம்" என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியிருந்தார். அதைப் போட சிஸ்டத்தில் இடம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாறி வந்த புதுப் பையன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். விதிப்படி அவன் செய்தது சரி. பெரியவர் வெயிலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனதை கவுண்டரில் இருந்து பார்த்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த அக்காவின் நோட்டை முதலில் படியுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நிரலி:
நான் மறுபக்கத்தில் இருக்கிறவள், சென்னையில் இந்த மாதிரி சாஃப்ட்வேரைக் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொடுக்கிற வேலை. உண்மையைச் சொல்கிறேன், தேவை என்னவென்று எங்களிடம் சொல்ல மீட்டிங்குக்கு வருவது முதலாளி, அக்கவுண்ட்ஸ், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். கட்டிங் டேபிளில் இருந்து யாரும் வருவதில்லை, நாங்களும் கூப்பிடுங்கள் என்று கேட்பதில்லை. மெல்வின் கான்வே என்பவர் 1968லேயே எழுதினார், ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவத்தில்தான் அவர்கள் செய்கிற சிஸ்டமும் வந்து நிற்கும் என்று. உங்கள் இடத்தில் பில் போகிற பக்கம் நன்றாக ஓடி, துணி வெட்டுகிற இடத்தில் ஓடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, நோட்டைப் பிடுங்கிவிட்டு ஸ்கிரீனைக் கட்டாயமாக்கினால் நிரப்பியே ஆக வேண்டிய பெட்டிகளில் வெறும் புள்ளி வைத்துத் தாண்டிப் போவார்கள். ஒரு இடத்தில் "குறை என்ன" என்ற கட்டத்தில் மூன்று மாசத்துக்கும் வெறும் புள்ளியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு கேள்வி: அந்த நோட்டில் இருந்து சாயங்காலம் சிஸ்டத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிற விஷயம் எது?

தறிச்சத்தம்:
பல்லடம் பக்கம், காற்றை வைத்து ஊடு நூலைச் செலுத்துகிற ஏர்ஜெட் தறி. நான் ஃபிட்டர். வங்கி ஐயாவும் நிரலி அக்காவும் சொன்னது சரிதான், ஆனால் நோட்டைக் கும்பிடவும் வேண்டாம். எங்கள் ஷெட்டில் ஒரு மேஸ்திரி எல்லாத் தறியின் குணத்தையும் அவர் நோட்டில் மட்டும் வைத்திருந்தார். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய் இரண்டு மாசம் வரவில்லை, நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், அறுந்தால் அதில் தொங்குகிற டிராப் பின் என்கிற தகடு கீழே விழும், தறி தானாக நிற்கும், மேலே விளக்கு எரியும், ஆள் ஓடி வருவான். 1924ல் ஜப்பானில் டொயோடா கொண்டுவந்த தானியங்கித் தறியே நூல் அறுந்தால் நின்றுவிடும், அந்த யோசனையை அவர்கள் கார் ஃபேக்டரி வரைக்கும் கொண்டுபோனார்கள், தப்பு தெரிந்தால் வேலை செய்கிறவனே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். எங்கள் இடத்தில் என்ன ஆச்சு, தறி எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடியது என்று காட்டுகிற எஃபிஷியன்சி போர்டு ஒன்றைப் பெரிசாக மாட்டினார்கள், தறி நின்றால் நம்பர் இறங்கும், சூப்பர்வைசருக்குத் திட்டு விழும். அதற்கப்புறம் அறுந்த நூலைச் சரியாக முடிச்சுப் போடாமலே அவசரமாக ஓட்டிவிட ஆரம்பித்தார்கள், துணியில் பாவு விட்ட கோடு கூடியது. மெஷின் சொன்ன நம்பர் ஒன்றும் பொய் இல்லை. உங்கள் அக்கா சிஸ்டத்தில் போட்டால் யாருக்குத் திட்டு விழுகிறது என்று பாருங்க.

பனியன்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்றைக்குக் காலையில் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அக்கா டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து காட்டினார். நிரலி கேட்டதற்கு அதில் பதில் இருந்தது. ஒவ்வொரு ரோலுக்கும் நேராகக் கடைசிக் கட்டத்தில் இரண்டு நேரம்: "பிரிச்சது 9.30, அடுக்கினது மறுநாள் 10". ரோலாகச் சுற்றும்போது துணி இழுபட்டிருக்கும், அதுவும் ரப்பர் மாதிரி இழுபடுகிற லைக்ரா நூல் கலந்த துணி என்றால் பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆற விட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டின பிறகு பீஸ் சுருங்கி அளவு குறையும். சிஸ்டத்தில் கட்டிங் தேதி மட்டும்தான் இருக்கிறது. துணி உள்ளே வந்த மறுநாளும் வெட்டவில்லை என்றால் கட்டிங் தாமதம் என்று சிவப்பில் காட்டும், அந்த ரிப்போர்ட்டைத் தினமும் முதலாளிக்கு அனுப்புகிறவன் நான்தான். அதாவது அக்கா துணியை ஆற விட்ட நாளெல்லாம் நான் அவர் பேரில் தாமதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பையன் சாயங்காலம் தேதியை முன்னே பின்னே மாற்றிப் போட்டதும் அதனால்தானாம்.

தறிச்சத்தம் சொன்ன பயமும் நியாயம், அக்காவுக்கே அது இருக்கிறது. எந்த சாயப்பட்டறை லாட்டை (ஒரே தடவையில் சாயம் போட்ட துணியை) எதோடு சேர்க்கக்கூடாது என்பதெல்லாம் பழைய நோட்டுகளில் கிடக்கிறது, எனக்கப்புறம் யார் பார்ப்பா என்று அவரே கேட்டார். திங்கட்கிழமை சாஃப்ட்வேர்காரர்கள் வருகிறார்கள். பிரித்த நேரத்துக்கு ஒரு கட்டம் வைக்கச் சொல்லப்போகிறேன், அந்தச் சிவப்பு ரிப்போர்ட்டை இன்றே நிறுத்திவிட்டேன். மீட்டிங்கில் அக்காவும் உட்கார வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மீட்டிங் நடக்கிற ரெண்டு மணி நேரம் கட்டிங் டேபிளை யார் பார்ப்பது என்று அக்கா கேட்கிறார், அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.