போர்க்காலத்தில் விட்டுவந்த காணி: எந்தச் சட்டம், எந்தப் பேப்பர், எத்தனை நாள்?

வெள்ளவத்தை_வாசகசாலை கேட்டது:

வணக்கம். வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் இருக்கிற குடும்பங்களுக்காக 8 பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு தயாரிக்கிறோம். போர் நடக்கும்போதும், படையினர் ஓர் ஊரைத் தங்கள் கையில் வைத்திருக்கும்போதும், சிறுபான்மை இனத்தவரின் காணியும் வீடும் எப்படிக் கைவிட்டுப் போகின்றன, அதை எப்படித் தடுக்கலாம் என்பதுதான் பொருள்.

ஜெனீவா உடன்படிக்கையை எங்கள் நிலைமைக்கு எந்த அளவுக்குக் காட்டலாம்? உறுதி (காணிப் பத்திரம்) தொலைந்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? எந்த நாள் கணக்கைத் தவறவிட்டால் உரிமையே போய்விடும்? விஷயம் தெரிந்தவர்கள் பிரிவு இலக்கத்தோடு எழுதினால் பெரிய உதவி. "சட்டத்தரணியைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுக்கடை_மேசை:

முதலில் "ஆக்கிரமிப்பு" என்ற சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள். மேடையில் அதற்கு ஒரு பொருள், மனுவில் வேறு பொருள். போர்முறை பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் ஒழுங்குவிதிகளிலும் 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையிலும் ஆக்கிரமிப்பு பற்றி உள்ள பகுதிகள், ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டின் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும்போதுதான் பொருந்தும். அங்கே பாதுகாப்பு பலமானது. ஹேக் 46: தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக்கூடாது. ஹேக் 52: படையின் தேவைக்கென்று பொருள் எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டால் ரசீதாவது கொடுக்க வேண்டும். ஜெனீவா 49: மக்களைப் பலவந்தமாக வெளியேற்றவும் கூடாது, தன் நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியேற்றவும் கூடாது.

கிரிமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உக்ரேனிய மொழிக் கல்வி விஷயத்தில் ரஷ்யா இனப்பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 31இல் தீர்ப்புச் சொன்னது. அங்குள்ள சிறுபான்மையினரான தாத்தார் மக்களின் பிரதிநிதிகள் மன்றமான மெஜ்லிஸ் மீதான தடை, அதே நீதிமன்றம் 2017இல் இட்ட இடைக்கால உத்தரவுக்கு முரண் என்றும் சொன்னது. அந்த மக்கள் ஸ்டாலின் காலத்தில் நாடுகடத்தப்பட்ட நாள் 1944 மே 18. 2009இல் இங்கே போர் முடிந்ததும் அதே மே 18இல்தான்; அந்தத் தேதியை நம்மில் எவரும் சும்மா கடந்து போக முடியாது.

உள்நாட்டுப் போருக்கு இந்த வாசல் இல்லை. இலங்கை 1959இல் ஜெனீவா உடன்படிக்கைகளில் சேர்ந்தது, ஆனால் உள்நாட்டுப் போருக்கான இரண்டாம் மேலதிக நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான உறுப்புரை 3இலும், நாடுகளின் வழக்கத்தால் உருவான வழக்காற்றுச் சட்டத்திலும்தான் நிற்க வேண்டும். செஞ்சிலுவைக் குழு 2005இல் வெளியிட்ட தொகுப்பில் 129 (பலவந்த இடப்பெயர்வு), 132 (திரும்பிவரும் உரிமை), 133 (இடம்பெயர்ந்தோரின் சொத்துரிமை) ஆகிய மூன்று விதிகளைக் கையேட்டில் போடுங்கள். இவை அரச படையையும் கட்டுப்படுத்தும், ஆயுதம் ஏந்திய மற்றத் தரப்பையும் கட்டுப்படுத்தும்.

ஆனால் இங்கே நீதிமன்றத்தில் அவை துணை வாதம் மட்டுமே. மனுவின் தலை அரசியலமைப்புத்தான்: உறுப்புரை 12(2) இன, மத, மொழிப் பாகுபாடு, 14(1)(h) நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள சுதந்திரம். தேசிய பாதுகாப்புக்காக இவற்றுக்கு 15(7) வரம்பு விதிக்கலாம். ஆனால் அந்த வரம்பு சட்டத்தாலோ, பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதியாலோ வர வேண்டும். அதிகாரி வாயால் சொன்னது வரம்பு ஆகாது. எனவே முதல் கேள்வி எப்போதும் "எந்த வர்த்தமானி (அரசிதழ்), என்ன இலக்கம்?" என்பதே. 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வளவு விரைவாக யாரோ மனுவோடு போய் நின்றதால்தான் அது கிடைத்தது.

சோலைவரி_ரசீது:

பேப்பர் விஷயத்தை நான் எழுதுகிறேன்.

உறுதி தொலைந்தால் காணி தொலைந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. உறுதி எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூன்று பிரதி உருவாகிறது. ஒன்று உங்கள் கைக்கு வரும். இன்னொன்று நொத்தாரிசிடம் இருக்கும். மூன்றாவதை, முத்திரை ஒட்டிய இணைப்பிரதியை, அவர் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஊர், காணிப் பெயர், பரப்பளவு, நான்கு எல்லை ஆகியவற்றை வைத்துப் பதிவேட்டில் தேட வேண்டும். ஆகவே வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தக் காணிப் பெயரை எழுதி வாங்குங்கள். பிள்ளைகளுக்கு "அம்மம்மாவின் வளவு" என்றுதான் தெரியும். பதிவேட்டில் அந்தப் பெயர் இராது.

யாழ்ப்பாண உறுதிகளில் அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும், வர்த்தமானியில் ஏக்கரும் பேர்ச்சும் வரும். 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். இதைக் கையேட்டில் பெட்டி கட்டிப் போடுங்கள். இந்தக் கணக்குப் பிழைத்துத் தங்கள் துண்டையே அடையாளம் காணாமல் விடுகிறவர்கள் உண்டு.

எல்லைதான் அடுத்த சிக்கல். பழைய உறுதியில் "வடக்கில் இன்னாரின் காணி, கிழக்கில் ஒழுங்கை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால்" என்று இருக்கும். புல்டோசர் ஓடிய நிலத்தில் வேலியும் இல்லை, பனையும் இல்லை, சில இடத்தில் கிணறே மூடிக் கிடக்கும். நில அளவைப் படம் இருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் படமாவது தேடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போய் கூரை, கிணறு, ஒழுங்கை தெரியும் படத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். அது உரிமையை நிரூபிக்காது, ஆனால் நில அளவையாளர் முதல் புள்ளியைப் பிடிக்க உதவும்.

சோலைவரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டுவரி) ரசீது, தேருநர் இடாப்பின் (வாக்காளர் பட்டியலின்) பக்கம், மின்சாரப் பட்டியல், குடும்ப அட்டை எல்லாம் துணைச் சான்று. பிறப்பு, விவாகப் பத்திரம் ஊரில் அழிந்திருந்தால் மாளிகாவத்தையில் உள்ள பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பறையில் கேளுங்கள். உறுதியை லமினேட் பண்ணாதீர்கள். முத்திரையையும் கையொப்பத்தையும் பிறகு சரிவரப் பரிசோதிக்க முடியாது.

ஊரில் வீட்டை ஒருவரிடம் பாரம் கொடுத்தால் ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியிலிருந்து என் அனுமதியோடு இருக்கிறார், கேட்கும்போது விடுவார். இருவரும் கையொப்பம், இரண்டு சாட்சி. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3 படி, உரியவருக்கு எதிராகப் 10 ஆண்டு தடையில்லாமல் ஆண்டால் காணி ஆள்பவருக்குப் போகும். அனுமதியோடு இருப்பவர் எதிராக ஆள்பவர் அல்லர். அந்த ஒரு தாள் 10 ஆண்டுக் கணக்கைத் தொடங்கவே விடாது.

வெள்ளவத்தை_வாசகசாலை:

மிக்க நன்றி. ஆனால் 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் எங்கே கடிதம் எழுதுவது? அவர்களுக்கு என்ன வழி? நாள் கணக்கையும் சொல்லுங்கள்.

புதுக்கடை_மேசை:

அதற்காகத்தான் 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் தன் காணிக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படாது என்பது சாரம். ஆனால் வழக்குப் போடச் சட்டம் கொடுத்தது இரண்டே ஆண்டுகள், அது 2018இல் முடிந்துவிட்டது. அந்தச் செய்தி தமிழில் சேர வேண்டியவர்களுக்குச் சேராமலே பல மாதம் போனது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. 2009 மே 19க்குப் பிறகு ஓடிய ஆண்டுகள் சாதாரணக் கணக்கில் ஓடுகின்றன. அதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அரசு சுவீகரிக்கும் (பொதுத் தேவைக்கென்று எடுத்துக்கொள்ளும்) காணிக்கு 1950ஆம் ஆண்டு 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். பிரிவு 2 அறிவித்தல் மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். பிரிவு 4 அறிவித்தல் வந்தால் ஆட்சேபத்துக்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு அறிவித்தலை மரங்களில் ஒட்டினார்கள், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காரணத்தோடு. உரிமையாளர்கள் முகாம்களிலும் கொழும்பிலும்தான் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். எனவே இருக்கிற விலாசத்தைப் பிரதேச செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, சீட்டை வைத்திருங்கள். பிறகு "காணவில்லை" என்று எழுத முடியாது.

நட்டஈட்டை வாங்க முன் யோசியுங்கள். சுவீகரித்த காணியைத் திருப்பித் தரும் பிரிவு 39அ, நட்டஈடு கொடுபட்டிருக்கக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறது. காணி பொதுத் தேவைக்குப் பாவிக்கப்படாமலும் மேம்படுத்தப்படாமலும் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

2025 மார்ச் 28 வர்த்தமானியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிறகு அரசு அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது. வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானி பார்ப்பதை ஊர்ச் சங்கத்தில் ஒருவருக்கு நிரந்தரப் பொறுப்பாகக் கொடுங்கள்.

அடிப்படை உரிமை மனுவுக்கு உறுப்புரை 126 தருவது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் எண்ணப்படாது (1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. "விசாரணை நிலுவையில் உள்ளது" என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் வந்தவர்களின் மனு காலதாமதம் என்று தள்ளுபடியாகிறது.

ஆட்டுப்பட்டித்தெரு:

இரண்டு பேரை இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒன்று, வடபுலத்து முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தில் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. கையேட்டின் எடுத்துக்காட்டுகளில் அவர்களின் பெயரும் ஊரும் வர வேண்டும். மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் பலருக்கு உறுதிக் காணி அல்ல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்). அங்கே சிக்கல் வேறு: குடியிருக்கவில்லை, பயிரிடவில்லை என்று பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். அறிவித்தல் வந்தால் துரத்தப்பட்டதற்கான சான்றோடு, அதாவது இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரண அட்டை, புத்தளத்துக் கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றோடு, காரணம் காட்டப் போக வேண்டும்.

மற்றது, கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை பொருந்தும் பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் எங்கே என்றே தெரியாதபோது மரணச் சான்றிதழ் எடு என்று அந்த அக்காமாரை நெருக்காதீர்கள். மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு 16ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகு, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே "காணப்படாமைச் சான்றிதழ்" எடுக்கலாம். அதை வைத்து, கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம்.

எந்தக் கந்தோரிலும் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் கேட்டால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளக்காவிட்டால் கையொப்பத்துக்கு மேலே தமிழில் "சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு விளக்கப்படவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள். அரசியலமைப்பின் உறுப்புரை 22 படி கொழும்பிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கோரிக்கைக் கடிதத்தின் மாதிரியைப் போடுங்கள், பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பினால் போதும் என்கிற மாதிரி.