பறிமுதல் செய்த அத்திப்பழ மூட்டைகளை மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

மளிகைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை:
ஐயா, பாரிமுனையில் மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கிய இறக்குமதி உலர் அத்திப்பழத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதித்தார். கயிற்றில் கோத்த பழங்கள் சிலவற்றைப் பிளந்தபோது உள்ளே வெள்ளைப் புழுவும் கறுத்த பூசணமும் இருந்தன. மாதிரி எடுத்து, மூட்டைகளுக்கு முத்திரையிட்டு, பிணைப் பத்திரம் எழுதி வாங்கி, சரக்கை என் கடையிலேயே விட்டுச் சென்றிருக்கிறார். வியாபாரியோ, திருப்பி அனுப்பினால் மாற்றுச் சரக்கு தருவதாகவும், புழு விழுந்ததைப் பொறுக்கிவிட்டு மீதியை வெயிலில் போட்டால் போதும் என்றும் சொல்கிறார். நான் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தண்டையார்பேட்டை:
அண்ணாச்சி, மூட்டையைத் தொடவே தொடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பறிமுதல் செய்த சரக்கைக் கடைக்காரரின் பொறுப்பிலேயே வைக்க இடம் தருகிறது. அதை அனுமதியின்றி அகற்றினாலோ முத்திரையைக் குலைத்தாலோ, 60ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சரக்கு கெட்டது உங்கள் குற்றமாக இல்லாதபோதும், இந்த ஒரு செயலால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

கொள்முதல் பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 26ஆம் பிரிவு பில்லையே விற்றவர் தந்த உத்தரவாதமாகக் கருதுகிறது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் மீது 27ஆம் பிரிவு பொறுப்பைச் சுமத்துவதால், துண்டுச் சீட்டில் வியாபாரம் செய்யும் நம் கடைத்தெருப் பழக்கம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும்.

மாதிரியை நான்கு பங்காகப் பிரிப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளரான நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்டிருந்தீர்களா? இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால், நியமன அலுவலர் தன்னிடமுள்ள பங்கை அனுப்பும் மேல் ஆய்வகத்தின் முடிவே இறுதியானது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அது பாதகமாக இருந்தால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

உணவு வேதியியல் ஆசிரியை, இராயபுரம்:
வெயிலில் காயவைக்கும் யோசனையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். புழு பூச்சி விழுந்த உணவைச் சட்டமே பாதுகாப்பற்ற உணவு என்கிறது. அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு. தொடர்ந்து உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். அத்தி மரத்திலேயே வாடத் தொடங்கும் நேரத்திலேயே பூசணம் உள்ளே புகுந்துவிடுகிறது. வெயிலோ கழுவலோ அந்த நஞ்சை அழிக்காது. மூட்டையில் பெரும்பாலான பழங்கள் சுத்தமாக இருக்க, சிலவற்றில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும் என்பதால், பார்வைக்கு நல்லதைப் பொறுக்குவதில் பயனே இல்லை. உலர் அத்தியில் இந்த நஞ்சுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. இந்தப் பழத்தைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துக்காக வாங்கிக் கொடுக்கிறார்கள், ஐயா.

மளிகைக்காரர்:
பில் இருக்கிறது. மூட்டைகளைத் தனி அறையில் பூட்டிவிட்டேன். சரக்கைத் திருப்பித் தர இயலாது என்று வியாபாரிக்கு எழுத்திலேயே தெரிவித்து, அதன் நகலையும் பில்லின் நகலையும் நாளை நியமன அலுவலரிடம் கொடுக்கிறேன். அதே சரக்கை வாங்கிய பக்கத்துக் கடைக்காரரிடமும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.